கைக்கெட்டும் தூரத்தில் கண்மணி: பிள்ளை பெற்ற வீட்டுக்கு 40 குறிப்புகள்

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே இந்தக் கேள்வி வந்துவிடும்: குழந்தையை எங்கே படுக்க வைப்பது? பக்கத்தில் போட்டுக்கொள் என்பார் பாட்டி. தனியாகப் போடுங்கள் என்பார் கிளினிக் மிஸி. பினாங்கு ரைபிள் ரேஞ்ச் மாதிரி பழைய பிளாட்டில் குடியிருப்பவர்களுக்கோ தொட்டில் போட்டால் கதவு திறக்க இடமிருக்காது.

பாட்டி சொல்வதையும் மிஸி சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. அறை ஒன்று, படுக்கை வேறு, கை நீட்டினால் பிள்ளையைத் தொட முடிய வேண்டும். குறைந்தது முதல் 6 மாதத்துக்குக் குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் இதுதான். ஆனாலும் பால் கொடுத்தபடியே கண் அசந்துபோகும் இரவுகள் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் பிள்ளைக்குத் தனிப் படுக்கை போடுகிற அன்றே நம்முடைய படுக்கையையும் ஆபத்தில்லாதபடி சரிசெய்துவிடுவோம். பெரிய செலவு எதுவும் தேவையில்லை, தோழிகளே. வீட்டில் இருப்பதை வைத்தே முக்கால்வாசி முடிந்துவிடும்.

இடமும் மெத்தையும்

1. பிரசவ வார்டில் தாயின் கட்டிலை ஒட்டி ஒரு சின்னத் தொட்டில் வைத்திருப்பார்களே, வீட்டுக்கும் அந்த அளவே போதும். முதல் சில மாதத்துக்குப் பெரிய மரத் தொட்டில் தேவையில்லை. மடித்து வைக்கிற சின்னத் தொட்டில் ஒன்றைச் சொந்தக்காரர்களிடம் இரவல் கேட்டாலே காரியம் நடந்துவிடும்.

2. கட்டிலோடு ஒட்டி வைக்கிற, ஒரு பக்கம் திறந்த தொட்டில் கிடைத்தால் இரவில் எழுந்து நடக்கிற வேலை மிச்சம். இரண்டு மெத்தையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. கூடவே வரும் பட்டையால் தொட்டிலைக் கட்டிலோடு இறுகக் கட்டி, வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

3. தொட்டிலின் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை சிறியது, மாற்றிவிடுங்கள். துண்டைச் சுருட்டி இடுக்கை அடைப்பது வேண்டாம். துண்டு நழுவினால் பிள்ளையின் முகம் அங்கேதான் போய் மாட்டும்.

4. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையிலோ தெரிந்தவர்களிடமோ பழைய தொட்டில் வாங்கப் போகிறீர்களா? ஒரு காலி சோடா டின்னைக் கையோடு கொண்டு போங்கள். கம்பிகளுக்கு இடையில் டின் நுழைந்துவிட்டால் இடைவெளி அதிகம்; 6 செண்டிமீட்டருக்கு மேல் இருக்கவே கூடாது. ஒரு பக்கம் கீழே இறங்குகிற பழைய மாதிரித் தொட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

5. மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் பள்ளம் மறைந்தால் நல்ல மெத்தை. கையின் அச்சு அப்படியே நின்றால் பிள்ளைக்கு ஆகாது. பழைய இலவம் பஞ்சு மெத்தை நடுவில் குழி விழுந்திருக்கும், பிள்ளை அந்தக் குழிக்குள் உருண்டு முகம் புதைந்துவிடும்.

6. அறை சின்னது என்றால் கட்டிலை எடுத்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டுக்கொள்ளலாம். விழுகிற பயம் குறையும், தொட்டிலுக்கும் இடம் கிடைக்கும். மெத்தை ஒன்று சுவரோடு முழுசாக ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். பிள்ளை சிக்குகிற அளவு சந்து மட்டும் இருக்கக் கூடாது.

7. நம்ம ஊர் ஈரக் காற்றில் தரையில் போட்ட மெத்தைக்கு அடியில் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். காலையில் பசியாறின கையோடு மெத்தையைச் சுவரில் சாய்த்துக் காத்தாடியைத் திருப்பி விடுங்கள். வெயில் அடிக்கிற நாளில் ஐந்தடி நடைபாதைக்குத் தூக்கிக் காயவைத்தால் புது மெத்தை வாங்குகிற செலவு தள்ளிப்போகும்.

8. டோட்டோ மெத்தையை இரண்டாக மடித்துப் பிள்ளைக்குப் படுக்கையாகப் போடுகிற பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. மடிக்க மடிக்க அது புசுபுசுவென்று ஆகிவிடும், பச்சைக் குழந்தைக்கு அது சரிவராது. டோட்டோவை உங்களுக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மெல்லியதும் கெட்டியானதுமான மெத்தையும் இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பும் மட்டும் போடுங்கள்.

9. தொட்டில் செட்டோடு வருகிற குட்டித் தலையணை, குட்டி பொல்ஸ்டர், சுற்றிக் கட்டுகிற மெத்தைத் தடுப்பு எல்லாம் பார்க்க அழகு. ஆனால் தூங்குகிற பிள்ளையின் மூச்சை அடைக்கக் கூடியவை அவைதான். தனி மெத்தையும் இரண்டு விரிப்பும் மட்டும் கேட்டு வாங்கினால் பாதிப் பணம் கையில் நிற்கும்.

மல்லாக்கப் படுத்தால் நிம்மதி

10. பகலோ இரவோ, ஐந்து நிமிடமோ ஐந்து மணியோ, பிள்ளையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் இதை வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். தூக்கத்தில் திடீரென்று போய்விடும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு காசு செலவில்லாத வைத்தியம் இது.

11. மல்லாக்கப் போட்டால் கக்கின பால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், அதனால் கக்கினது மேலே ஏறுவது கஷ்டம். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துப் படுக்க வைத்தால் எல்லாருக்கும் நிம்மதி.

12. தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இன்று தொட்டிலின் இந்தப் பக்கம் தலை, நாளை அந்தப் பக்கம் தலை என்று மாற்றிப் படுக்க வைத்தாலே ஒரே பக்கம் தட்டையாகாது. முழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால் கழுத்தும் பலப்படும்.

13. தூக்கத்தில் திடுக்கிடாமல் இருக்க நெஞ்சின் மேல் பயறு உமித் தலையணை வைப்பது நம் சீனத் தோழிகள் வீட்டுப் பழக்கம். அதைப் பார்த்து நாமும் வாங்கிவிடுகிறோம். அது நழுவி முகத்துக்கு வந்துவிடக் கூடியது, வேண்டாம். கொஞ்சம் திடுக்கிடுவது பச்சைக் குழந்தைக்கு இயல்புதான். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினால் அடங்கிவிடும்.

14. துணியால் சுற்றி பெடோங் கட்டுகிறவர்கள் நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற மாதிரி கட்டுங்கள், இடுப்பும் காலும் அசைய இடம் விடுங்கள். சுற்றின பிள்ளையை மல்லாக்க மட்டுமே போட வேண்டும். உருள முயற்சி செய்கிறது என்று தெரிந்த அன்றே பெடோங்கை நிறுத்திவிடுங்கள்.

15. கண்ணேறு படாமல் கட்டுகிற கறுப்பு மணியும் கயிறும் கழுத்தில் வேண்டாம். கயிறு இறுகும், மணி அறுந்தால் வாய்க்குப் போகும். வசம்பு வளையலையும் படுக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுங்கள்; கன்னத்து மைப் பொட்டு ஒன்றே திருஷ்டிக்குப் போதும்.

ஒரே படுக்கையில் அசந்துவிடும் இரவுக்கு

16. பால் கொடுக்கும்போது கண் சொருகினால் சோபாவில் மட்டும் உட்காராதீர்கள். மெத்து மெத்தென்ற சோபா இடுக்கில் பிள்ளையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், சரிசெய்து வைத்த படுக்கையிலேயே படுத்துப் பால் கொடுப்பது எவ்வளவோ மேல்.

17. எந்த நிலையில் பிள்ளையைப் பெரியவர் படுக்கையில் போடவே கூடாது என்று எழுதி ஐஸ் பெட்டியில் ஒட்டுங்கள்: அப்பாவோ அம்மாவோ புகைப்பவர், யாராவது மது குடித்த இரவு, தூக்கம் வரும் மருந்து சாப்பிட்ட இரவு, 37 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளை, பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்த பிள்ளை. இதில் ஒன்று இருந்தாலும் பிள்ளைக்குத் தொட்டில்தான். முதல் 4 மாதம் இதில் கூடுதல் கண்டிப்பு வேண்டும்.

18. வீட்டுக்கு வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் மூச்சிலும் சட்டையிலும் புகை ஒட்டிக்கொண்டு வரும், வேப்பும் அப்படித்தான். சட்டையை மாற்றிக் கைகழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள், பக்கத்தில் படுப்பதை விட்டுவிடுங்கள். பிள்ளையைச் சாக்காக வைத்து அந்தப் பழக்கத்தையே நிறுத்திவிட்டால் மாதம் எத்தனை வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

19. பச்சை உடம்புக்கு நல்லதென்று பிராந்தியோ டி.ஓ.எம். மதுவோ கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைக் குடித்தவருக்குத் தூக்கம் ஆழமாகிவிடும், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் அசைவு தெரியாது. உடம்பு சூடேற மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, இஞ்சி என்று நம் பத்தியச் சமையலிலேயே நிறைய இருக்கிறது.

20. சளிக்கும் இருமலுக்கும் அலர்ஜிக்கும் மருந்து வாங்கும்போது மருந்துக் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது தூக்கம் வரவைக்குமா? பால் கொடுக்கிறவர் சாப்பிடலாமா? தூக்கம் வரும் மருந்து என்றால் அன்று இரவு பிள்ளை தொட்டிலில், வேறொருவர் கண்காணிப்பில் இருக்கட்டும்.

21. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற அப்பாவுக்குக் காலையில் கண் திறக்காது. அந்த நேரத்தில் பிள்ளையை அவர் பக்கத்தில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். அவர் நான்கு மணி நேரம் தூங்கி எழட்டும், பிறகு பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு கொஞ்சட்டும்.

22. பிள்ளைக்கு இடம் அம்மாவின் பக்கத்தில்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் நெருக்கம், சூடும் அதிகம். தடுப்புச் சுவராகத் தலையணைகளை அடுக்குவதும் வேண்டாம். மூத்த பிள்ளை கூடவே படுப்பான் என்றால் அவனுக்கு இடம் அப்பாவின் அந்தப் பக்கம்.

23. பாலூட்டும் தாய் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலைப் பிள்ளையின் பாதத்துக்குக் கீழே மடக்கி, மேல் கையைப் பிள்ளையின் தலைக்கு மேலே நீட்டிக்கொள்வது நல்ல முறை. பிள்ளையின் முகம் மார்பின் மட்டத்தில் இருக்கட்டும், உங்கள் தலையணை மட்டத்துக்கு ஏற வேண்டாம். குடித்து முடித்ததும் பிள்ளையை மல்லாக்கத் திருப்பிவிடுங்கள்.

24. படுக்கப் போகும் முன் தாலிக் கொடியில் கோத்த ஊக்குகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள், கூந்தலைப் பின்னி முடியுங்கள். நைட்டியின் தொங்குகிற நாடாவை வெட்டித் தைத்துவிட்டால் தினமும் அந்தக் கவலை இல்லை.

25. போர்வையை இடுப்புக்கு மேல் ஏற்றாதீர்கள். தோளில் குளிர்ந்தால் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைத் திருப்பிப் போடாமல் முன்பக்கம் பட்டன் வைத்தே போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கவும் வசதி. தலையணை ஆளுக்கு ஒன்று போதும், மிச்சத்தை அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.

ஏணை, புவாயான், கார்

26. அம்மாவின் பழைய சேலையில் ஏணை கட்டி ஆட்டினால் எந்த அழுகையும் அடங்கும், அந்தச் சுகத்தை விட வேண்டாம். ஆனால் பச்சைக் குழந்தை ஏணைக்குள் வளைந்து கிடக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி மூச்சு சிரமமாகலாம். முழித்திருக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்து ஆட்டித் தூங்கவைத்து, கண் அசந்ததும் தொட்டில் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

27. ஸ்பிரிங் புவாயான் தொட்டில் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை கொக்கி, ஸ்பிரிங், சங்கிலி மூன்றையும் தடவிப் பாருங்கள். துரு கண்டாலோ கம்பி நீண்டிருந்தாலோ உடனே மாற்றுங்கள், அதற்கு ஆகும் செலவு சொற்பம். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்கிக் கட்ட வேண்டாம், அடியில் மெல்லிய மெத்தை ஒன்று கிடக்கட்டும்.

28. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் காரில் பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த இருக்கை பயணத்துக்கு மட்டும். பினாங்குப் பாலத்து நெரிசலில் தூங்கிப்போன பிள்ளையை வீடு வந்ததும் தூக்கிச் சமமான படுக்கையில் போடுங்கள். எழுந்துவிடுமே என்று இருக்கையோடு வரவேற்பறையில் விட்டுவைக்க வேண்டாம்.

வெக்கை, கொசு, புகை

29. நம்ம ஊர் வெக்கைக்குப் பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும்; வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம், உடம்புச் சூடு தலை வழியாகத்தான் தணியும். கையும் காலும் குளிர்ச்சியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்கலாம்.

30. காத்தாடியைக் குறைந்த வேகத்தில், நேராகப் பிள்ளை மேல் அடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அறை முழுக்கக் காற்று ஓடும். ஏர்கோன் போடுகிறவர்கள் 25, 26 பாகையில் வைத்தால் மின்கட்டணமும் ஏறாது, கூடுதல் போர்வையும் தேவைப்படாது. பெரியவர் ஒருவர் லேசான உடையில் சுகமாக உணர்கிற சூடே பிள்ளைக்கும் சரி.

31. ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், அதனால் பகல் தூக்கத்துக்கும் கொசுவலை வேண்டும். வலையைப் பிள்ளையின் முகத்தில் படாதபடி இழுத்துக் கட்டுங்கள், கொசுவர்த்திச் சுருளை அறைக்குள் ஏற்றாதீர்கள். வாரம் பத்து நிமிடம் ஒதுக்கிப் பூந்தொட்டித் தட்டு, வாளி, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் டிங்கிக் கவலை பாதி குறையும்.

32. மூத்த பிள்ளையின் பழைய துணிகளை எடுத்துப் போடும்போது பூச்சி உருண்டை வாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசமே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதித்துப் பிள்ளையின் புத்தகத்தில் குறித்திருப்பார்கள். குறைபாடு இல்லாவிட்டாலும் பிள்ளைத் துணிக்குப் பூச்சி உருண்டை வேண்டாம். துவைத்து வெயிலில் உலர்த்தி மூடி போட்ட பெட்டியில் வைத்தாலே போதும்.

33. குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது வீட்டுக்கே மணம்தான், ஆனால் அந்தப் புகை சின்ன நுரையீரலுக்குப் பாரம். சாமி அறையில் போட்டு, புகை அடங்கும்வரை பிள்ளையை வேறு அறையில் வைத்திருங்கள். காற்றுக்குத் தடவுகிற கற்பூர வாசத் தைலமும் முகப் பவுடரும் இந்த வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

இரவு வேலை எளிதாக

34. பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும், அதில் மூன்று நான்கு முறை இரவில் வரும். பாம்பர்ஸ், துடைக்கிற துணி, மாற்றுச் சட்டை, உங்களுக்கு ஒரு புட்டி தண்ணீர், இரண்டு பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெரிய விளக்கைப் போடாமல் மங்கலான சின்ன விளக்கில் வேலையை முடித்தால் பிள்ளையும் சீக்கிரம் தூங்கும், உங்களுக்கும் தூக்கம் கலையாது.

35. அப்பாவின் பழைய வேட்டி ஒன்று நாலு லம்பின் துணிக்குச் சமம். நாலாகக் கிழித்து ஓரம் அடித்துத் துவைத்து வைத்தால் ஏப்பத் துணி, துடைக்கிற துணி, மடியில் போடுகிற துணி எல்லாம் ஆயிற்று. துவைக்கத் துவைக்க மென்மையாகும் துணி இதைப்போல வேறில்லை.

36. பிள்ளையின் மெத்தையில் ஈரம் இறங்காத விரிப்பு, அதன்மேல் துணி விரிப்பு, மறுபடி ஈரம் இறங்காத விரிப்பு, மறுபடி துணி விரிப்பு என்று இரண்டு அடுக்காக இறுக்கி மாட்டி வையுங்கள். நடுராத்திரி ஈரமானால் மேல் அடுக்கை உருவினால் போதும், கீழே படுக்கை தயாராக இருக்கும். அரைத் தூக்கத்தில் விரிப்புத் தேடுகிற வேலை மிச்சம்.

37. 2023 ஜனவரி 1 முதல் தனியார் வேலையிலும் தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தந்தை அதே முதலாளியிடம் ஒரு வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். தேதி நெருங்குமுன் மனுவைக் கொடுத்துவிடுங்கள். அந்த 7 நாளில் பாம்பர்ஸ் மாற்றுவதும் ஏப்பம் விடவைத்துத் தொட்டிலில் போடுவதும் அப்பாவின் பொறுப்பு என்று பழக்கிவிட்டால் பிறகும் தொடரும்.

38. பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி வந்து தங்குகிற பாட்டிக்கு விடியற்காலை விழிப்பு இயல்பு. ஐந்து மணி பால் முடிந்ததும் பிள்ளையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எட்டு மணிவரை தூங்குங்கள். நன்றாகத் தூங்கின தாயே ராத்திரி கவனமாக இருப்பாள். மல்லாக்க, தனியாக, தலையணை இல்லாமல் என்ற மூன்றையும் பாட்டியிடம் அன்பாக முன்பே சொல்லி வையுங்கள், ஆயா வீட்டில் விடுகிறவர்களும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

39. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற வந்த சொந்தக்காரர்கள் வரவேற்பறை முழுக்கப் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், தீபாவளிக்கும் அப்படித்தான். அந்த வரிசையில் பிள்ளையைப் போட வேண்டாம். அம்மாவுக்கும் தொட்டிலுக்கும் அறையில் ஒரு மூலையை முதலிலேயே பிடித்து வைத்துவிடுங்கள். நாம் வெளியூர் போனாலும் மடக்குத் தொட்டில் காரில் முதல் சாமானாக ஏறட்டும்.

40. பக்கத்தில் படுப்பதன் பெரிய லாபம், பிள்ளையின் மாற்றம் உடனே தெரிவது. 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம், கண்ணும் தோலும் மஞ்சளாவது, இதில் ஏதாவது கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சு திணறினாலோ உதடு நீலமானாலோ உடனே 999 அழையுங்கள். வீட்டு முகவரியைத் தெளிவாக எழுதித் தொலைபேசிப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பதற்றத்தில் யாரும் திணற மாட்டார்கள்.

நாற்பதையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் மெத்தை, அடுத்த வாரம் கொசுவலை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். மல்லாக்கப் படுக்க வைப்பதும் சோபாவைத் தவிர்ப்பதும் மட்டும் இன்று இரவே தொடங்கட்டும். பிள்ளை வளர்ந்து தொட்டில் சின்னதாகிவிட்டால் கழுவித் துடைத்து, திருகாணிகளை ஒரு பையில் போட்டுத் தொட்டிலோடு கட்டி, அடுத்துப் பிள்ளை பெறப்போகிற வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கூடவே இந்தக் குறிப்புகளையும் சொல்லிக் கொடுங்கள், அந்த வீட்டுக்கும் உதவும்.